ரொம்பவும் அதற்கு மேலும்

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் இருக்கும் தனியார் பள்ளியில் தனப்பிரியா இங்கிலீஷ் டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளிடம் அதிகமாகத் திட்டு வாங்கியது ‘டூ’ என்கிற ஒரு சொல்லுக்காகத்தான். மயில் டூ பியூட்டிஃபுல் என்று எழுதுவார்கள். என் அம்மா டூ குட் என்று எழுதுவார்கள். அவள் சிவப்பு மையில் அடித்து, ‘வெரி’ என்று மேலே எழுதித் திருப்பிக் கொடுப்பாள்.

“தமிழ்ல நாம ‘ரொம்ப’ன்னு ஒரே சொல்ல வெச்சுட்டு எல்லாத்தையும் ஓட்டிடறோம்” என்று சொல்வாள். “குழம்பு ரொம்பக் காரம்னா, நல்லா சுருக்குன்னு இருக்குன்னும் அர்த்தம், வாயில வெக்க முடியலைன்னும் அர்த்தம். சொல்றவங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். இங்கிலீஷ்ல அப்படி இல்ல. வெரி ஸ்மால் சட்டைன்னா இழுத்துப் புடிச்சுப் போட்டுக்கலாம். டூ ஸ்மால்னா போடவே முடியாது. ‘டூ’ வந்துட்டா அதோட கதவு சாத்தியாச்சுன்னு அர்த்தம்.”

எக்ஸ்ட்ராவுக்கும் எக்ஸஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் லாரியை வைத்து விளக்குவாள். கேபினில் எக்ஸ்ட்ரா ஓர் ஆள் ஏறினால் யாரும் கேட்கமாட்டார்கள். எக்ஸஸ் லோடு என்றால் செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் லாரியிலோ போர்வெல் போடும் ரிக் வண்டியிலோ வேலை பார்க்கிறவர்கள். அது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

அவளுடைய கணவன் நவநீதகிருஷ்ணனும் லாரி ஓட்டுகிறவன்தான். குஜராத் லைனில் போனால் வருவதற்குப் பல நாள் ஆகும். அவனுடைய அண்ணன் நாச்சிமுத்து போர்வெல் ரிக்கில் டிரில்லர். உள்ளூரில் தொடங்கி, ஒடிசா, சத்தீஸ்கர் என்று போய், கடைசியாக தான்சானியாவுக்குப் போயிருந்தான். ஒரே தோட்டத்தில் அண்ணன் தம்பி இருவர் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டாள். அவர்கள் மகள் கனிஷ்கா தனப்பிரியாவின் பள்ளியிலேயே ஒன்பதாவது படித்தாள். மாமனார் ராசப்பன் பெரிய மகன் வீட்டில் இருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. ஆயா வந்து, கேட்டில் உங்கள் வீட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றாள். தனப்பிரியா போய்ப் பார்த்தபோது பள்ளி பஸ்கள் நிற்கும் கொட்டகையில் சௌந்திரம் நின்றிருந்தாள். காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கையில் மண் காயவில்லை. அந்தக் கையால் போனைக் காதோடு வைத்து அழுத்தியிருந்தாள். ராசப்பன் மொபட்டை ஸ்டாண்டு போடக்கூட மறந்து, பிடித்துக்கொண்டே நின்றார்.

“பிரியா, அவியளுக்கு என்னமோ ஆயிப்போச்சு கண்ணு. ஆண்டி லைன்ல இருக்கறான். இங்கிலீசுல பேச ஆள் வேணுங்கறான்.”

தனப்பிரியா போனை வாங்கினாள். ஆண்டி அதே ரிக்கில் வேலை பார்க்கிறவன், அத்தனூர்ப் பக்கம். அவன் குரல் உடைந்திருந்தது.

“நேத்துச் சாயங்காலமுங்க. ராடு எறக்கையில நழுவி அண்ணன் கால்மேல உழுந்துருச்சுங்க. இங்க ஒரு சின்ன ஊரு ஆசுபத்திரியில சேர்த்திருக்கறோம். மேனேஜரு ஸ்பேரு வாங்க டவுனுக்குப் போனவரு இன்னும் வந்து சேரலீங்க. டாக்டரு ஊட்டு ஆளுககிட்டக் கேக்கோணும், கேட்டாத்தான் மேக்கொண்டு செய்வேங்கறாரு. அண்ணன் மயக்கத்துல இருக்கறாருங்க. எனக்கு அவரு பேசறது ஒன்னும் புரியலீங்க. இந்தாங்க, அவருகிட்டயே பேசுங்க.”

டாக்டரின் குரல் நிதானமாக, ஆழமாக இருந்தது. முதலில் வணக்கம் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்தவர் கிடைத்ததில் நிம்மதி என்றார். பிறகு சொன்னார். கால் டூ மச் நசுங்கியிருக்கிறது. எலும்பு டூ மெனி துண்டுகளாகியிருக்கிறது. ரத்தம் டூ மச் போயிருக்கிறது. இங்கேயே இன்றைக்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம். தலைநகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அது டூ ஃபார். டூ ரிஸ்க்கி. குடும்பம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு ‘டூ’வும் அவளுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டே வந்தது. டாக்டர் பேசி முடித்தபோது திறந்த கதவு ஒன்றுதான் மிச்சமிருந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு சௌந்திரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, மாமா கால்மேல ராடு உழுந்துருச்சாமுங்க. கால் தேறாதுங்கறாரு. முட்டிக்குக் கீழ எடுத்தாகணுமாம். பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லையாம், அம்புட்டுத் தூரம்.”

ராசப்பனின் கையிலிருந்து மொபட் சாய்ந்தது. அதை அவர் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சௌந்திரம் அழவில்லை. “உசுருக்கு?” என்றாள்.

“எடுத்துட்டாப் பொழச்சுக்குவாங்கன்னுதான் சொல்றாருங்க அக்கா.”

சௌந்திரம் உள்ளங்கையில் இருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். கொட்டகைக்கு மேலே மாடியில் ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்ப எடுத்துப்போடச் சொல்லு. ஆளு வந்தாப் போதும்.”

தனப்பிரியா போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். அவள் வாய் திறப்பதற்குள் டாக்டர் பேசினார். இந்தப் பக்கம் இருந்த அமைதியை அவர் அழுகை என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அழாதீர்கள் மேடம் என்றார். உங்கள் அண்ணன் டூ ஸ்ட்ராங். வந்தபோது நினைவிருந்தது, மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட வந்திருக்கிற இந்த மனிதர் தன் ரத்தத்தைக் கொடுத்திருக்கிறார். ஹீ இஸ் டூ குட். இப்படி ஒரு சிநேகிதத்தைப் பார்க்க ஐ ஆம் டூ ஹேப்பி.

தனப்பிரியாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

எதற்கு டூ ஸ்ட்ராங்? எந்த எல்லையைத் தாண்டி டூ குட்? அவளுடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் போலத்தான் அவரும் பேசுகிறார். அவருக்கும் இங்கிலீஷ் படித்து வந்த மொழிதான். வீட்டில் அவர் பேசுவது வேறு ஏதோ ஒன்று. அந்த மொழியிலும் ‘ரொம்ப’ போல ஒரே சொல் இருக்கும் போலிருக்கிறது. அப்படியானால் முதலில் சொன்னது? டூ மச் நசுங்கியிருக்கிறது என்றது? டூ ஃபார் என்றது?

“டாக்டர், வெரி ஃபாரா, டூ ஃபாரா?” என்று கேட்டாள்.

“யெஸ், யெஸ். டூ ஃபார்” என்றார் அவர், பொறுமையாக.

அந்தக் கேள்வியால் பயன் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. எதிரில் இருந்தால் முகத்தைப் பார்த்திருப்பாள். போனில் குரல் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அவர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் சரி, இனி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. நடப்பதை மட்டும் கேட்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். இப்போது கிளம்பினால் உயிரோடு போய்ச் சேருவாரா? டாக்டர் கொஞ்சம் தயங்கி, சேருவார் என்றுதான் நினைக்கிறேன் என்றார். இதற்கு முன்னால் அதே வழியில் அனுப்பியிருக்கிறோம், ரோடு மோசம், ஆனாலும் போயிருக்கிறார்கள். அங்கே போனால் காலைக் காப்பாற்றுவார்களா? இருக்கலாம். என்னிடம் இல்லாத மெஷின்கள் அங்கே இருக்கின்றன, என்னைவிடப் பெரிய சர்ஜன்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களாலும் முடியாமல் போகலாம். அப்படி ஆனால் இப்போது நான் எடுப்பதைவிட மேலே எடுக்க வேண்டிவரும்.

“உங்க தம்பியா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?”

எனக்குப் பயமாக இருக்கும் மேடம் என்றார். தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை. ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள்.

தனப்பிரியா போனை இறக்கினாள்.

“அக்கா, நான் மொதல்ல சொன்னது தப்புங்க.”

சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள். தனப்பிரியா ஒன்றொன்றாகச் சொன்னாள். போகலாம், தூரம்தான், ஆனால் போகலாம். காலைக் காப்பாற்றவும் கூடும், முடியாமலும் போகலாம். முடியாவிட்டால் முட்டிக்கு மேலே எடுப்பார்கள். வழியில் ஏதாவது ஆகாது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

“இப்பத்தான் ஒன்னு சொன்னே, அதுக்குள்ள வேறொன்னு சொல்றே” என்றாள் சௌந்திரம். குரல் முதல்முறையாக ஏறியது. “எது நெசம்?”

“இப்பச் சொல்றதுங்க.”

“டாக்டரு சொன்னதா, நீயா நெனச்சுக்கறதா?”

“டாக்டர் சொன்னதுதானுங்க. ஒன்னொன்னாக் கேட்டு வாங்கியிருக்கறேன்.”

பஸ் படியிலிருந்து ராசப்பன் சொன்னார். “வேண்டாஞ் சாமி. மொதல்ல சொன்னாப்பல எடுத்துப்போடச் சொல்லு. என்ற பையன் ஒத்தக் காலோட வந்தாலும் வந்து சேரட்டும். அங்கயும் இங்கயும் தூக்கீட்டு அலையோண்டாம்.”

சௌந்திரம் அவரைப் பார்த்தாள். பிறகு தனப்பிரியாவைப் பார்த்தாள். “நீ என்ன சொல்றே?”

பள்ளியில் எந்தப் பிள்ளை எந்தச் சந்தேகம் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவள் அவள். “எனக்குத் தெரியலீங்க அக்கா” என்றாள்.

மாடியில் வாய்ப்பாடு நின்றுவிட்டிருந்தது. சௌந்திரம் ஒரு முறை பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தாள். அங்கே எங்கேயோ கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடச் சொல்லவில்லை.

“இருவது வருசமா அந்த வண்டிமேல ஏறி நின்னு பொழைச்ச மனுசன்” என்றாள். “ஒரு தடவ கூட முயற்சி பண்ணிப் பாக்காம நானே வெட்டச் சொன்னேன்னு நாளைக்கு அவிய மூஞ்சியில எப்படி முழிப்பேன்? கொண்டுபோகச் சொல்லு.”

தனப்பிரியா சொன்னாள். டாக்டர், சரி, கடவுள் துணை இருக்கட்டும் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாச்சிமுத்து உயிரோடு போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். மேனேஜரும் அங்கே போய்விட்டதால் அதன்பிறகு வந்த செய்தியெல்லாம் தமிழிலேயே வந்தது. கால்விரல் சூடாக இருக்கிறது என்றார்கள். விரலை அசைக்கிறான் என்றார்கள். சௌந்திரம் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே தனப்பிரியாவின் வீட்டுப் பக்கம் திரும்பி, “வெரல ஆட்டறாங்களாமா, கேட்டியா?” என்று சத்தம் போட்டுச் சொன்னாள். அந்த வாரம் தோட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசினார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. சீழ் வைத்துவிட்டது என்றார்கள். திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், அதன்பிறகு இன்னொரு தடவையும். கடைசியில் தொடையின் பாதியில் எடுத்தார்கள். அதற்கு நாச்சிமுத்துவே சம்மதம் சொன்னான். சிறுநீரகமும் கெட்டுப்போய், ஐப்பசி வரைக்கும் அவன் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான்.

கால் எடுத்தாகிவிட்டது என்ற செய்தி வந்த அன்று மாலை தனப்பிரியா பள்ளியிலிருந்து வந்தபோது சௌந்திரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். தனப்பிரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாடு கத்தியதும் சௌந்திரம் எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியருகே ராசப்பன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது தனப்பிரியாவின் காதில் விழுந்தது.

“அந்தப் புள்ள மொதல்ல சொன்னதோட உட்டிருந்தா முட்டியாச்சும் மிஞ்சியிருக்கும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்திருந்தால் கிழங்கு பெருத்திருக்கும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளுக்குள் போய்த் தங்கிவிட்டது. நவநீதகிருஷ்ணன் லாரியிலிருந்து போன் செய்தபோது அவனிடம் சொன்னாள். “நீ கேட்டதைச் சொன்னே. வேறென்ன பண்ணுவே?” என்றான். அது சரிதான். ஆனால் அவள் முதலில் புரிந்துகொண்டது தப்பு. தப்பைத் திருத்தியதும் இப்படி முடிந்தது. திருத்தாமல் விட்டிருந்தால் நாச்சிமுத்து முழங்காலோடு வந்திருப்பான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்கு உட்காருவதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

நாச்சிமுத்து கார்த்திகையில் வந்தான். பாதியாகியிருந்தான். கனிஷ்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் முகத்தையே பார்த்துப் பேசினாள். அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தனப்பிரியா காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, “ஸ்கூலுக்கு நேரமாகலையா?” என்று மட்டும் கேட்டான்.

தை மாதம் சேலத்தில் செயற்கைக் கால் அளவு எடுக்கப் போனார்கள். பொங்கல் லீவு என்பதால் தனப்பிரியாவையும் சௌந்திரம் கூப்பிட்டாள். அங்கே அளவெடுத்தவன் சின்ன வயதுக்காரன், கலகலப்பாகப் பேசுகிறவன். டேப்பைச் சுற்றிக்கொண்டே, “முட்டி இருந்திருந்தா சீக்கிரமே நடந்திருப்பீங்கண்ணா. மாடிப்படி, வரப்பு எல்லாம் ஈசியா ஏறலாம். இது கொஞ்சம் பழகணும்” என்றான்.

நாச்சிமுத்து, “பழகிக்கலாம்” என்றான்.

தனப்பிரியா எழுந்து வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் சக்கர நாற்காலிகளை வரிசையாக மடக்கி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சௌந்திரமும் வந்து பக்கத்தில் நின்றாள்.

“உள்ள வா.”

“வாரேனுங்க அக்கா. நீங்க போங்க.”

சௌந்திரம் போகவில்லை. “இங்க பாரு பிரியா. அன்னைக்கு எடுன்னு சொன்னவளும் நாந்தான், கொண்டுபோன்னு சொன்னவளும் நாந்தான். நீ கேட்டே. நாஞ் சொன்னேன். மாமனாரு ஆயிரஞ் சொல்லுவாங்க, அவிய பெத்தவிய. நீ இதத் தூக்கிச் சொமக்காத.”

“நான் திருப்பிக் கேக்காம இருந்திருந்தா, அக்கா…”

“இருந்திருந்தா எனக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காது. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் வெளங்கலை கண்ணு. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நா நல்லதுங்குது மனசு, ஒரு நா இல்லைங்குது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஆனா அது என்ற பாரம். உன்றது இல்ல.”

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள்.

திரும்பும்போது ராசிபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். பொங்கல் முடிந்து ஊர் திரும்புகிறவர்களின் கூட்டம். நாச்சிமுத்து ஊன்றுகோல்களை சௌந்திரத்திடம் கொடுத்துவிட்டு, படிக் கம்பியைப் பிடித்துக் கையால் உடம்பைத் தூக்கி ஏறினான். கண்டக்டர் விசில் அடிக்காமல் காத்திருந்தார். முன் சீட்டிலிருந்த ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். மூன்று பேர் உட்காரும் சீட். நாச்சிமுத்து ஜன்னலோரம், நடுவில் சௌந்திரம், ஓரத்தில் தனப்பிரியா.

பஸ் மல்லூரைத் தாண்டியதும் நாச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

“அம்மிணி, அந்தச் சின்ன ஆசுபத்திரி டாக்டரு உங்கிட்டப் பேசினாரே. என்னதான் சொன்னாரு?”

சௌந்திரம், “இப்ப எதுக்குங்க அதெல்லாம்?” என்றாள்.

“எங்காலு. எனக்குத் தெரிய வேண்டாமா?” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தனப்பிரியா பக்கம் திரும்பினான். “கூட்டாம கொறைக்காம சொல்லு.”

தனப்பிரியா சொன்னாள். அவர் சொன்னதை முதலில் எப்படிப் புரிந்துகொண்டாள், எப்போது சந்தேகம் வந்தது, பிறகு என்னென்ன கேட்டாள் என்று வரிசையாகச் சொன்னாள். அவன் மகள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னதையும், ஆண்டி ரத்தம் கொடுத்ததையும் டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். சொந்தத் தம்பியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதையும் சொன்னாள்.

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“பயமா இருக்கும்னாருங்க மாமா. தெரியலைன்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு.”

“அப்ப டாக்டருக்கே தெரியலை.”

“ஆமாங்க.”

நாச்சிமுத்து தலையை ஆட்டினான். மடித்துக் குத்தியிருந்த வேட்டியின் காலி முனையைக் கையால் நீவிவிட்டான்.

“செரி” என்றான். “யாருக்குமே தெரியாம நடந்ததுன்னா செரி. தெரிஞ்சிருந்தும் யாரோ ஏமாத்திப்போட்டாங்களோன்னு அங்க படுத்திருந்தப்ப நெனச்சுக்குவேன். அதான் கேட்டேன்.”

சௌந்திரம் ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளியே அறுவடையான காட்டில் கிழங்கு மூட்டைகளை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் அதைக் கடந்து போகும்வரை நாச்சிமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“இந்த வருசம் நம்ம காட்டுல எப்படி வந்திருக்குது?” என்று கேட்டான்.

சௌந்திரம் சொல்லத் தொடங்கினாள்.